“கவனமா எழுதினா போதும்” என்பவர்களின் கவனத்துக்கு

கம்ப்யூட்டர் லேபில் வருஷா வருஷம் நடக்கிற ஒரு சின்ன விபத்திலிருந்து ஆரம்பிக்கலாம்.

சி மொழியில் சாக்கெட் புரோகிராம் எழுதச் சொல்கிறார்கள். ஒரு பக்கம் சர்வர், இன்னொரு பக்கம் கிளையன்ட், போர்ட் எண் 8080. மாணவர் இரண்டையும் எழுதுகிறார். இரண்டையும் ஒரே கணினியில் ஓடவிடுகிறார். இங்கே அடித்த ‘வணக்கம்’ அங்கே போய்ச் சேருகிறது. எக்ஸாமினர் எட்டிப் பார்த்து மார்க் போடுகிறார். சுபம்.

ஆனால் அந்த சர்வர் 8080-இல் காத்திருக்கவே இல்லை! 36895-இல் காத்திருந்தது. கிளையன்ட்டும் 36895-இன் கதவைத்தான் போய்த் தட்டியது. எண்ணை நெட்வொர்க்குக்கு ஏற்ற வரிசையில் மாற்றித் தரும் எச்டிஓஎன்எஸ் என்ற ஃபங்ஷனை மாணவர் இரண்டு இடத்திலும் மறந்துவிட்டார். இரண்டு தவறும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விட்டன.

பிளஸ் ஒன்னில் கணக்குப் பதிவியல் படித்தவர்களுக்கு இது பழைய நண்பன். ஈடுசெய் பிழை என்பார்கள். ஒரு கணக்கில் ஆயிரம் ரூபாய் கூடுதல், இன்னொன்றில் ஆயிரம் ரூபாய் கூடுதல், ஆனால் எதிர்ப்பக்கத்தில். இருப்பாய்வு டாண் என்று டாலி ஆகும். கணக்கு மட்டும் தப்பு. இருப்பாய்வு டாலி ஆவது கணக்கு சரி என்பதற்கு முடிவான சான்று ஆகாது என்று முதல் பாடத்திலேயே சொல்லிவிடுவார்கள். புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு மட்டும் இதை யாரும் சொல்வதில்லை போலிருக்கிறது. ஓடுச்சா? ஓடுச்சு. முடிஞ்சுது.

அதே சர்வரை வேறொரு கணினிக்குக் கொண்டுபோய், ஃபயர்வாலில் 8080-ஐ மட்டும் திறந்து வைத்துப் பாருங்கள். அப்போதுதான் வண்டவாளம் தண்டவாளம் ஏறும்.

8080 எப்படி 36895 ஆனது?

போர்ட் எண்ணுக்கு இரண்டு பைட் இடம். ஒரு பைட்டில் 0 முதல் 255 வரைதான் அடங்கும். 8080 என்பது 31 × 256 + 144. அதாவது பெரிய பைட் 31, சின்ன பைட் 144. இவற்றை நினைவகத்தில் அடுக்கும்போது எதை முதலில் வைப்பது? இன்டெல் வகைச் சிப்புகள் சின்னதை முதலில் வைக்கும். இது லிட்டில் எண்டியன். ஐபிஎம்மின் மெயின்பிரேம்கள் பெரியதை முதலில் வைக்கும். இது பிக் எண்டியன். இன்டர்நெட்டின் அடிப்படை நெறிமுறையான ஐபி, 1981-இல் எழுதப்பட்ட நாளிலிருந்தே பெரியதுதான் முதலில். ஒரு பக்கம் அடுக்கியதை மறுபக்கம் தலைகீழாகப் படித்தால் 144 × 256 + 31 = 36895. அவ்வளவுதான் மேட்டர்.

தேதி போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். 04/05 என்று ஒரு தாளில் இருக்கிறது. இந்தியாவில் அது மே நான்காம் தேதி. அமெரிக்காவில் ஏப்ரல் ஐந்து. இரண்டுமே செல்லுபடியாகும் தேதிகள். அதனால்தான் ஆபத்து. 25/05 என்று இருந்தால் அமெரிக்கக்காரர் முழித்துக்கொள்வார். 04/05-க்கு யாரும் முழிக்க மாட்டார்கள்.

இந்தப் பெயர்கள் வந்த கதை சுவாரஸ்யமானது. 1726-இல் வந்த ஜொனாதன் ஸ்விஃப்டின் ‘கலிவரின் பயணங்கள்’ நாவலில், முட்டையை எந்த முனையில் உடைப்பது என்று லில்லிபுட்டிலும் பக்கத்துத் தீவிலும் வெட்டுக்குத்தே நடக்கும். டேனி கோஹென் என்ற கணினி அறிஞர் 1980 ஏப்ரல் 1 அன்று எழுதிய கட்டுரையில் இந்தச் சண்டையைக் கடன் வாங்கி, பெரிய முனைக்காரர்கள், சின்ன முனைக்காரர்கள் என்று கணினி உலகைப் பிரித்துக் காட்டினார். எந்த வரிசை உசத்தி என்பதல்ல, எல்லோரும் ஒரே வரிசைக்கு ஒப்புக்கொள்வதுதான் முக்கியம் என்று சமாதானம் பேசினார். யாரும் கேட்கவில்லை. நாற்பது வருஷம் தாண்டியும் இரண்டு வரிசையும் உயிரோடுதான் இருக்கின்றன.

சமாதானம் வரவில்லை. அப்படியானால் குறைந்தபட்சம் எந்த டப்பாவில் எது இருக்கிறது என்றாவது எழுதி ஒட்ட வேண்டாமா? இந்தக் கட்டுரையின் சண்டை அதைப் பற்றித்தான்.

உப்பு டப்பாவும் சர்க்கரை டப்பாவும்

ஒரே மாதிரி இரண்டு எவர்சில்வர் டப்பா. ஒன்றில் உப்பு, ஒன்றில் சர்க்கரை. வீட்டில் இருப்பவருக்கு எது எது என்று தெரியும். விருந்தாளி காபி போடப் போனால்? மூடியைத் திறந்து பார்த்தாலும் வெள்ளையாகத்தான் இருக்கும்.

சி மொழியின் கம்பைலர் அந்த விருந்தாளிதான். 32 பிட் எண் என்றால் அதற்கு 32 பிட் எண். நெட்வொர்க்கிலிருந்து வந்த தலைகீழ் எண்ணா, கணினியின் சொந்த வரிசையில் இருக்கும் எண்ணா என்று அதற்குத் தெரியாது. ஒன்றை இன்னொன்றில் கொட்டினால் வாயைத் திறக்காது. “டைப்டெஃப் போட்டு வேறு பெயர் வைத்துவிட்டால்?” என்பீர்கள். சி மொழியில் டைப்டெஃப் என்பது பட்டப்பெயர். ஆள் அதே ஆள். கம்பைலர் இரண்டையும் ஒன்றாகவே பார்க்கும்.

அப்படியானால் எது எந்த வரிசை என்ற தகவல் எங்கே இருக்கிறது? எழுதியவரின் தலைக்குள். அவர் வேலை மாறிப் போகும்போது அதுவும் கூடப் போகிறது. மிஞ்சினால் ஒரு கமெண்ட் வரி இருக்கும். அதைக் கம்பைலர் படிக்காது. மனிதர்களும் பெரும்பாலும் படிப்பதில்லை.

அலகு எழுதாத எண் என்ன செய்யும் என்பதற்கு ஒரு பெரிய உதாரணம் உண்டு. 1999 செப்டம்பர் 23 அன்று நாசாவின் செவ்வாய் காலநிலை ஆர்பிட்டர் செவ்வாயை நெருங்கும்போது காணாமல் போனது. தரையில் ஓடிய ஒரு மென்பொருள் உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு-விசை அலகில் தந்தது. வாங்கிக்கொண்ட பக்கம் நியூட்டன் அலகு என்று நினைத்தது. ஒன்றுக்கும் மற்றதற்கும் சுமார் 4.45 மடங்கு வித்தியாசம். எண் எண்ணாகத்தான் இருந்தது. அலகுதான் அதோடு கூடப் போகவில்லை. பைட் வரிசையும் ஒரு விதத்தில் அலகு மாதிரிதான். அது இல்லாமல் எண்ணுக்கு அர்த்தம் இல்லை.

ஸ்பார்ஸ் என்ன செய்கிறது?

லினஸ் டோர்வால்ட்ஸ் 2003-இல் ஸ்பார்ஸ் என்று ஒரு கருவியை எழுத ஆரம்பித்தார். லினக்ஸ் கெர்னலின் சி நிரலை ஓட்டிப் பார்க்காமல், வெறுமனே படித்துப் பார்த்தே தவறு கண்டுபிடிக்கும் கருவி. பயனர் நினைவகத்தைச் சுட்டும் பாயிண்டரையும் கெர்னல் நினைவகத்தைச் சுட்டும் பாயிண்டரையும் யாராவது கலந்துவிட்டால் பிடிப்பதுதான் அதன் ஆரம்ப நோக்கங்களில் முக்கியமானது. பிறகு அதே யோசனை பைட் வரிசைக்கும் வந்தது.

முறை ரொம்ப எளிது. பிஇ32 என்றால் பெரியது முதலில் வரும் 32 பிட் எண். எல்இ32 என்றால் சின்னது முதலில். இவற்றை அறிவிக்கும்போது ‘பிட்வைஸ்’ என்று ஒரு குறி சேர்க்கிறார்கள். இந்தக் குறி போட்ட ஒவ்வொரு டைப்டெஃபையும் ஸ்பார்ஸ் தனி ஜாதியாகவே நடத்தும். பிஇ32-ஐ எல்இ32-இல் போட்டால் கத்தும். பிஇ32-ஐ சாதா எண்ணில் போட்டாலும் கத்தும். மாற்ற வேண்டுமென்றால் அதற்கென்று உள்ள ஃபங்ஷன் வழியாகத்தான் போக வேண்டும். ஜிசிசி கம்பைலர் பார்க்கும்போது இந்தக் குறி வெற்று இடமாகிவிடும். உருவாகும் புரோகிராமில் இதற்காக ஒரு கட்டளைகூடக் கூடாது. ஓடும் வேகத்தில் நயா பைசா செலவில்லை.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஸ்பார்ஸ் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் தடுப்பதில்லை. இரண்டு பிஇ32 எண்கள் சமமா என்று பார்க்கலாம். ஐபி முகவரியோடு மாஸ்க்கைப் பிட் பிட்டாகச் சேர்க்கலாம். தலைகீழாக இருந்தாலும் இரண்டும் ஒரே மாதிரி தலைகீழ் என்பதால் விடை சரியாகவே வரும். ஆனால் கூட்டினால் கத்தும். பெரிதா சிறிதா என்று கேட்டாலும் கத்தும்.

ஏன் என்று பாருங்கள். 10.0.0.1 என்ற முகவரியை ஒழுங்காகப் படித்தால் 167772161. 9.0.0.2 என்பது 150994946. முதலாவதுதான் பெரியது. இதே இரண்டையும் இன்டெல் கணினியில் மாற்றாமல் அப்படியே படித்தால் முதலாவது 16777226, இரண்டாவது 33554441. இப்போது இரண்டாவது பெரியது! “இந்த முகவரியிலிருந்து அந்த முகவரி வரை உள்ளவர்களை மட்டும் உள்ளே விடு” என்று ஒரு பாதுகாப்பு விதி இருந்து, இந்த ஒப்பீட்டை யாராவது மாற்றாமல் எழுதியிருந்தால் யார் யார் உள்ளே வருவார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். சமமா என்று பார்க்கும் இடமெல்லாம் சரியாக வேலை செய்யும். இந்த ஒரே ஒரு இடம் மட்டும் ஓட்டை. கண்ணால் பார்த்துப் பிடிப்பதற்கு எத்தனை பேருக்குப் பொறுமை இருக்கும்?

2000-களின் நடுவில் அல் விரோ என்ற கெர்னல் புரோகிராமர் உட்படச் சிலர் உட்கார்ந்து, கெர்னல் முழுக்க இந்தக் குறிகளைப் போட்டுக்கொண்டே போனார்கள். இன்றைக்கு லினக்ஸில் ஐபி பொட்டலத்தின் தலைப்பைத் திறந்து பார்த்தால் அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி இரண்டும் பிஇ32, மொத்த நீளம் பிஇ16 என்று எழுதியே இருக்கும். முன்பு இந்தச் சோதனையைத் தனியாகக் கேட்டால்தான் ஸ்பார்ஸ் செய்யும். 2017-இல் வந்த 4.10 பதிப்பிலிருந்து கேட்காமலே செய்கிறது. ஓப்பன் விஸ்விட்ச் என்ற நெட்வொர்க் மென்பொருளும் இதே பாணியைத்தான் பின்பற்றுகிறது.

இவ்வளவு மலிவான, இவ்வளவு பழைய ஒரு பழக்கத்தை வெளியே எத்தனை பேர் கடைப்பிடிக்கிறார்கள்? கேட்டால் வரிசையாகச் சாக்குகள் வரும். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சாக்கு 1: “கவனமா எழுதினா போதும். நல்ல புரோகிராமருக்கு இதெல்லாம் எதுக்கு?”

இதுதான் ராஜ சாக்கு. கவனம் நல்ல குணம்தான், ஆனால் அது ஒரு முறை ஆகாது. கேஷியர் யோக்கியர் என்பதற்காக எந்த வங்கியும் சாயங்காலம் பணத்தை எண்ணாமல் பூட்டுவதில்லை. எண்ணிப் பார்ப்பது அவரை அவமானப்படுத்துவதும் ஆகாது. உண்மையில் யோக்கியமான கேஷியர்தான் “எண்ணிப் பாருங்க சார்” என்று முதலில் சொல்வார்.

லினக்ஸ் கெர்னல் எழுதுகிறவர்கள் கவனமில்லாதவர்களா? தங்களுக்கே தேவை என்று நினைத்துத்தான் அவர்கள் இந்தக் கருவியைச் செய்துகொண்டார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது, செமஸ்டர் பிராஜெக்ட் எழுதுகிறவருக்குத் தேவையில்லையாம். கேட்கவே ஜோராக இருக்கிறது :-)

சாக்கு 2: “டெஸ்ட் பண்ணா மாட்டிக்கும்.”

மாட்டாது. லேப் கதையிலேயே மாட்டவில்லை. இரண்டு பக்கமும் ஒரே வகைக் கணினியாக இருந்தால் ஈடுசெய் பிழை வருஷக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

அது போகட்டும், டெஸ்டில் எந்த எண்ணைப் போடுகிறார்கள்? பெரும்பாலும் 0. தலைகீழாக்கினாலும் 0 பூஜ்யம்தான். 65535-ஐத் தலைகீழாக்கினாலும் 65535. 257-ம் அப்படியே. இரண்டு பைட்டும் ஒன்றாக இருக்கும் எந்த எண்ணும் தன் தவறைக் காட்டிக்கொடுக்காது. ஒரு சாதனத்தில் பிழை ஏற்பட்டால் மட்டும் ஓடுகிற பத்து வரி இருக்கும். அந்தப் பிழையை வரவழைத்து, அதுவும் பிக் எண்டியன் கணினி ஒன்றில் வைத்து, எத்தனை பேர் டெஸ்ட் செய்கிறார்கள்? ஸ்பார்ஸுக்கு அந்தக் கணினியும் வேண்டாம், சாதனமும் வேண்டாம். ஓடாத வரியையும் அது படிக்கும். டெஸ்ட் என்பது இருப்பாய்வு. இது வவுச்சர் வவுச்சராகப் புரட்டும் தணிக்கை. இரண்டும் வேண்டும், ஒன்றுக்கு ஒன்று மாற்று இல்லை.

சாக்கு 3: “பிக் எண்டியன் செத்துப் போச்சு. இன்னும் எதுக்கு அதைக் கட்டிக்கிட்டு அழணும்?”

இதில் பாதி உண்மை இருக்கிறது. ஆப்பிள் 2006-இல் பவர்பிசியை விட்டு இன்டெலுக்குப் போனது. கைப்பேசிகளில் இருக்கும் ஆர்ம் சிப்புகள் நடைமுறையில் லிட்டில் எண்டியனாகவே ஓடுகின்றன. 2025-இல் ரிஸ்க்-ஃபைவ் சிப்புக்கு பிக் எண்டியன் ஆதரவு சேர்க்கலாமா என்ற பேச்சு வந்தபோது டோர்வால்ட்ஸே காட்டமாக மறுத்தார். சிப்பு அளவில் லிட்டில் எண்டியன் ஜெயித்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் செத்தது சிப்பு மட்டும்தான். தரவு சாகவில்லையே! ஒவ்வொரு ஐபி பொட்டலமும் இன்றும் பிக் எண்டியன். பிஎன்ஜி படம், ஜேபெக் படம், ஜாவா கிளாஸ் கோப்பு எல்லாமே பிக் எண்டியன். எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமை டிஸ்க்கில் எழுதுவது பிக் எண்டியனில். இஎக்ஸ்டி4 எழுதுவது லிட்டில் எண்டியனில். ஒரே கெர்னலுக்குள் இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு.

இன்னும் சொல்லப்போனால், எல்லாச் சிப்பும் லிட்டில் எண்டியன் ஆன உலகத்தில்தான் ஆபத்து அதிகம். முன்பு பவர்பிசி மேக் வைத்திருந்தவர் ஒருவர், ஸ்பார்க் சிப்பு வைத்திருந்தவர் ஒருவர் என்று “என் கணினியில் ஓடவில்லையே” என்று புகார் சொல்ல ஆள் இருந்தது. இப்போது புகார் சொல்ல ஆள் குறைவு. தவறு வாழ வசதி அதிகம். 1 என்ற 32 பிட் நீளம் தலைகீழானால் 1,67,77,216. பொட்டலத்தில் வந்த அந்த எண்ணை நம்பி நினைவகம் ஒதுக்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. சிப்பு எதுவாக இருந்தாலும் இது நடக்கும்.

சாக்கு 4: “பைட் பைட்டாகப் படித்தால் பிரச்சினையே இல்லை என்று ராப் பைக்கே சொல்லிவிட்டாரே!”

இது ஒன்றுதான் மதிக்கத்தக்க எதிர்வாதம். யூனிக்ஸ் ஜாம்பவான்களில் ஒருவரான ராப் பைக் 2012-இல் பைட் வரிசை குறித்து ஒரு கட்டுரை எழுதினார். கணினியின் சொந்த வரிசை என்ன என்று புரோகிராம் கவலைப்படவே கூடாது, தரவின் வரிசை என்ன என்பதுதான் கேள்வி, பைட்டுகளைத் தனித்தனியாக எடுத்து நகர்த்திச் சேர்த்தால் எந்தக் கணினியிலும் விடை சரியாக வரும் என்பது அவர் வாதம். அருமையான வாதம். புதிதாக எழுதும் சின்னப் புரோகிராம்களுக்கு அதையே செய்யுங்கள்.

ஆனால் இரண்டு விஷயம் பாக்கி இருக்கிறது. ஒன்று, தரவின் வரிசை என்ன என்பதுதான் கேள்வி என்றால், அந்தப் பதில் எங்கே எழுதப்பட்டிருக்கிறது? ஒரே புலத்தை ஒருவர் ஓரிடத்தில் பெரியது முதலில் என்று சேர்க்கிறார், இன்னொருவர் வேறிடத்தில் சின்னது முதலில் என்று சேர்க்கிறார். கம்பைலர் இரண்டையும் ஆசீர்வதிக்கும். இரண்டு, கெர்னல் போன்ற இடத்தில் பொட்டலத்தின் மேலேயே அமைப்பைப் பொருத்தி வைத்துப் படிக்கிறார்கள். பெரும்பாலான நேரம் முகவரி சமமா என்று பார்த்தால் போதும், மாற்றவே வேண்டியதில்லை. அதனால் தலைகீழ் எண்கள் பல ஃபங்ஷன்கள் கடந்து பயணம் போகும். பயணம் போகிற பெட்டிக்கு லேபிள் வேண்டும். பைக் சொன்னது வாசலிலேயே பெட்டியைப் பிரித்துவிடும் முறை. பிரிக்க முடியாத பெட்டிக்கு ஸ்பார்ஸ். இதில் சண்டையே இல்லை.

சாக்கு 5: “எச்சரிக்கை ரொம்ப வருது. சத்தம் தாங்கல.”

வரும். பழைய நிரலில் முதல் முறை ஓட்டினால் பக்கம் பக்கமாக வரும். அப்போதுதான் பெரிய பாவம் ஒன்று நடக்கிறது.

ஸ்பார்ஸில் ‘ஃபோர்ஸ்’ என்று ஒரு குறி உண்டு. “எனக்குத் தெரியும், நீ சும்மா இரு” என்று அதனிடம் சொல்வதற்கு. மாற்றும் ஃபங்ஷனுக்கு உள்ளே அது நியாயமாகத் தேவைப்படும். வேறு சில இடங்களிலும் தேவைப்படலாம். ஆனால் எச்சரிக்கை வந்த இடத்திலெல்லாம் ஃபோர்ஸைத் தெளித்துவிட்டு “வார்னிங் ஜீரோ” என்று மார்தட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இதற்குப் பெயர் சுத்தம் செய்வது அல்ல. தணிக்கையாளர் சிவப்பு மையில் வட்டம் போட்ட இடத்தில் வெள்ளை மை தடவுவது. குறியே போடாத நிரலைவிட இது மோசம். குறி இல்லாத இடத்தில் வாசிப்பவருக்குச் சந்தேகமாவது வரும். ஃபோர்ஸ் போட்ட இடத்தில் யாரோ யோசித்துத்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று அடுத்தவர் நம்பிவிடுவார்.

எச்சரிக்கையைச் சரி செய்யத் தெரியவில்லையா? அப்படியே விட்டுவிடுங்கள். தீராத எச்சரிக்கை, ‘இங்கே ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அது பொய்யைவிட எவ்வளவோ மேல்.

தவறு சட்டமாக மாறும்போது

இதெல்லாம் போர்ட் எண் அளவில் இருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். டிஸ்க்கில் எழுதும்போதுதான் வயிற்றைக் கலக்கும்.

நெட்வொர்க்கில் தவறாகப் போன பொட்டலம் அன்றோடு போயிற்று. டிஸ்க்கில் தவறான வரிசையில் எழுதிய எண் அங்கேயே உட்கார்ந்திருக்கும். ஆறு மாதம் கழித்துத் தவறைக் கண்டுபிடித்து நிரலைத் திருத்துகிறீர்கள். திருத்திய நிரல் பழைய கோப்புகளைத் தப்பாகப் படிக்கும். திருத்தாத நிரல் புதிய கோப்புகளைத் தப்பாகப் படிக்கும். இப்போது அந்தத் தவறுதான் ஃபார்மட்! யாரும் தீர்மானிக்காமலே சட்டமாகிவிட்டது.

லினக்ஸே இந்த வகைச் சிக்கலில் கால் வைத்திருக்கிறது. ஆரம்ப நாட்களில் மோட்டோரோலா 68000 குடும்பக் கணினிகளில் இஎக்ஸ்டி2 கோப்பு முறைமை அந்தக் கணினியின் சொந்த வரிசையிலேயே எழுதப்பட்டது. பிறகு எங்கும் லிட்டில் எண்டியன்தான் என்று முடிவானது. அதற்குள் எழுதி வைத்த டிஸ்க்குகள் என்ன ஆவது? கோப்பு முறைமையைச் சோதித்துப் பழுது பார்க்கும் இ2எஃப்எஸ்சிகே கருவியில், பைட்டுகளை முழுக்கப் புரட்டிப்போட்டுச் சரியான வரிசைக்குக் கொண்டுவர ஒரு தனி விருப்பமே வைக்க வேண்டியிருந்தது. முதலில் தெளிவாக எழுதி வைக்காததற்குப் பின்னால் கட்டிய வட்டி அது.

இதற்கு நேர் எதிரான நல்ல உதாரணமும் உண்டு. டிஃப் படக் கோப்பு எந்த வரிசையிலும் இருக்கலாம். ஆனால் கோப்பின் முதல் இரண்டு எழுத்திலேயே அதைச் சொல்லிவிட வேண்டும். இரண்டு ‘ஐ’ என்றால் இன்டெல் பாணி, இரண்டு ‘எம்’ என்றால் மோட்டோரோலா பாணி. 1980-களில் ஸ்கேனர் படங்களுக்கு ஃபார்மட் வகுத்தவர்களுக்கே லேபிள் ஒட்ட வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. ஒரு வேரியபிளுக்கு ஒட்டுவதில் இப்போது என்ன கஷ்டம்?

அடி வாங்குவது யார் என்பதையும் சொல்லியாக வேண்டும். எழுதியவர் அல்ல. அவர் கணினியில் எல்லாம் ஓடுகிறது. எங்கோ ஒரு வீட்டு ரவுட்டரில் பிக் எண்டியன் மிப்ஸ் சிப்பு இருக்கும். எங்கோ ஒரு வங்கியின் மெயின்பிரேமில் அதே நிரலை ஏற்றியிருப்பார்கள். அங்கே இருப்பவர் எழுதியவரின் தலைக்குள் எட்டிப் பார்க்க முடியாது. “கவனமா எழுதினா போதும்” என்ற வாக்கியத்தின் உண்மையான அர்த்தம், “தப்பானா நீ பார்த்துக்கோ” என்பதுதான்.

சரி, என்ன செய்யலாம்?

எல்லோரும் கெர்னல் எழுதப்போவதில்லை. இருந்தாலும் வழி இருக்கிறது.

முதலில் வெளியுலகத்தைத் தொடும் அமைப்புகளுக்கு மட்டும் குறி போடுங்கள். பொட்டலத் தலைப்பு, கோப்புத் தலைப்பு, இவ்வளவுதான். பிறகு ஸ்பார்ஸை ஓட்டுங்கள். எச்சரிக்கைகள் நூல் பிடித்த மாதிரி ஒவ்வொரு ஃபங்ஷனாக உள்ளே கூட்டிக்கொண்டு போகும். கெர்னல் தொகுப்பவர்களுக்கு இன்னும் எளிது. மேக் கட்டளையோடு சி=1 என்று சேர்த்தால் புதிதாகத் தொகுக்கும் கோப்புகளை மட்டும் பார்க்கும், சி=2 என்றால் எல்லாவற்றையும் பார்க்கும்.

ஸ்பார்ஸ் வேண்டாம் என்றால், அந்த 32 பிட் எண்ணை ஒரே ஒரு உறுப்பு கொண்ட ஸ்ட்ரக்ட் ஒன்றுக்குள் போட்டுவிடுங்கள். பெரியது முதலில் என்பதற்கு ஒரு ஸ்ட்ரக்ட், சின்னது முதலில் என்பதற்கு இன்னொன்று. சி மொழியில் ஸ்ட்ரக்ட்டை எண்ணாகவோ, ஒரு ஸ்ட்ரக்ட்டை இன்னொரு ஸ்ட்ரக்ட்டாகவோ தூக்கிப் போட முடியாது. சாதாக் கம்பைலரே மறித்துவிடும். எழுதக் கொஞ்சம் அலுப்பாக இருக்கும். இரவு இரண்டு மணிக்குப் பைட் பைட்டாகத் தேடுவதைவிட அலுப்பு குறைவுதான்.

இது சர்வரோக நிவாரணி என்று யாரும் சொல்லவில்லை. சர்க்கரை டப்பாவில் ‘உப்பு’ என்று ஒட்டினால் ஸ்பார்ஸ் அதை நம்பிவிடும். ஃபார்மட் விவரக் குறிப்பைப் படித்துச் சரியாக ஒட்டுவது மனித வேலை. நினைவகத்தை மொத்தமாக நகலெடுக்கும் இடங்களில், வகை தெரியாத பாயிண்டர் வழியாகப் போகும் இடங்களில், லேபிள் உதிர்ந்துவிடும். ஆனால் வித்தியாசத்தைப் பாருங்கள். லேபிள் இல்லாவிட்டால் அந்த எண்ணைத் தொடும் ஒவ்வொரு வரியிலும், தொடும் ஒவ்வொருவரும், ஒவ்வொரு நாளும் நினைவு வைத்திருக்க வேண்டும். லேபிள் இருந்தால் ஓரிடத்தில் ஒருவர் ஒருமுறை சரியாக இருந்தால் போதும். மிச்சத்தை, சலிப்பே இல்லாத ஒரு கருவி பார்த்துக்கொள்ளும்.

லேபில் சொல்லித் தருகிறவர்களும் ஒன்று செய்யலாம். எச்டிஓஎன்எஸ் என்ற ஃபங்ஷனை மந்திரம் மாதிரி மனப்பாடம் செய்யச் சொல்லாமல், அதை மறந்தால் என்ன ஆகும் என்று ஒருமுறை காட்டலாம். நெட்ஸ்டாட் போட்டுப் பார்த்தால் 8080 இருக்க வேண்டிய இடத்தில் 36895 பல்லை இளிக்கும். அந்த எண்ணை ஒருமுறை கண்ணால் பார்த்த மாணவருக்கு இந்தக் கட்டுரையே தேவைப்படாது.

கவனமாக எழுதுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் எதைக் கவனித்தீர்களோ அதை நிரலிலேயே எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் அடுத்து வருகிறவர் அதே கவனத்தை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அவருக்கு அன்றைக்குத் தூக்கம் வராமல் இருந்தால் சரி.